ஓட்டு நாளில் காய் எடுப்பு

என் வீட்டுக்காரருக்கு ஒரு நேரத்தில் ஒரு சோலி பார்க்கத் தெரியாது. போடியில் ஏலக்காய் வியாபாரம், மலையில் மெட்டுக்கு மேலே எஸ்டேட், எங்கள் வார்டுக்கு இரண்டு தடவை கவுன்சிலர். கடையில் உட்கார்ந்தால் கட்சிப் பேச்சு. ஓட்டுக் கேட்கப் போன வீட்டில் காய் விலை. ஊரார் விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாய் நிற்பார், எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பந்தி முடிந்து வருவார். இந்த லட்சணத்தில் மூன்றாவது தடவையும் நின்றார். இந்த முறை தோற்றால் கட்சியில் இனி சீட்டே கிடையாது என்று புலம்பல் வேறு.

எங்கள் வார்டில் பாதி வீட்டுப் பெண்களுக்கு எஸ்டேட் வேலைதான். விடிய ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ஓட்டு நாளில் எல்லாருக்கும் லீவு. ஆனால் எங்கள் தோட்டத்தில் காய் எடுப்புத் தள்ளிப்போய்க் கிடந்தது. இன்னும் விட்டால் பழுத்து வெடித்துவிடுமே என்று அவருக்கு அடித்துக்கொண்டது.

"காலைல ஏறுங்க ஆத்தா, மத்தியானமே ஜீப்பு எறக்கி விட்டுரும். அஞ்சு மணி வரைக்கும் ஓட்டு இருக்குல்ல" என்று வீடு வீடாகச் சொன்னது வேறு யாரும் இல்லை, சாட்சாத் வேட்பாளரேதான்!

காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற ஆளைப் பூத் ஏஜென்டாக உட்கார வைத்துவிட்டார். அதனால் ஸ்டோருக்கு நான். ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறேனே என்றேன். அதற்குள் ஜீப் கிளம்பிவிடும், வந்து போட்டுக்கொள் என்று விரட்டினார்.

மத்தியானம் மலையில் ஒரே மூட்டம். ஜீப் இறங்குகிற வழியில், வளைவில் ஒரு லோடு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. அவருக்குப் போன் போட்டால், காயை மூடி வைத்தாயா என்று கேட்கிறார். அந்தப் பெண்கள் பொறுக்கமாட்டாமல் இறங்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். அண்ணனுக்குப் போடணும்னு காலையிலேயே தலைக்குக் குளித்தேன் என்று ஒருத்தி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் பஸ்சைப் பிடித்து நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள்.

பத்து ஓட்டில் தோற்றார். ஜீப்பில் போனவர்கள் என்னையும் சேர்த்துப் பதினாலு பேர்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆள் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. அந்தப் பொம்பளைகள் எதிராளிகிட்ட கையை நீட்டிட்டாங்க, நம்ம ஆளுகளே காலை வாரிட்டாங்க என்று. கால் வீங்க நடந்தவர்களையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபித் தட்டை வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் என் விரலை நீட்டினேன்.

"எனக்கும் மை இல்லைங்க. நானும் போடலை."

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

"நீ ஏன் போடலை?" என்று கேட்டார் அந்த மனுஷன்.

அவர் மூஞ்சிக்கு நேராக அன்றைக்குத்தான் சொன்னேன்.

"இந்தத் தடவை மலையில இருந்தேன், போடலை. அடுத்த தடவை நின்னீங்கன்னா, ஊர்ல இருந்தாலும் போட மாட்டேன்."