நான் வெட்டிய வான்கோழி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஆர்ச்வேயில் நடந்தது இது. முதலில் நான் ஆர் என்று சொல்லிப்போட்டுத்தான் கதைக்கு வருவேன். இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்கு விழுந்த அடியின் பாரம் உங்களுக்கு விளங்காது.

ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த நாட்டில் வந்து இறங்கியபோது வெளியில் பனி கொட்டியது, என் காலில் ரப்பர் செருப்பு. கோப்பை கழுவினேன். பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஷிப்ட் ஷிப்டாக நின்றேன். வங்கிக்காரர் கைவிரித்தார்கள். சொந்தக்காரர், "உனக்கேன் உந்த வேலை, உனக்கு இங்கிலிஷும் வராது" என்றார்கள். வராத இங்கிலிஷோடுதான் ஆர்ச்வேயில் கூரை ஒழுகிய ஒரு கடையை எடுத்தேன். கூரையில் ஏறித் தார் பூசியதும் நான், கீழே இறங்கிச் சாமான் வைக்கத் தட்டு அடித்ததும், மரக்கறியோடு இறைச்சியும் வெட்டி விற்றதும் நான். பிறகு எட்மண்டனில் ஒரு கடை, ஹரோவில் வீடு. படித்த பிள்ளைகள் இன்றைக்கும், "அண்ணை, இதெல்லாம் எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்கத்தானே வேணும்.

அப்படிப்பட்ட என்னை ஒரு செத்த வான்கோழி வாயடைக்கப் பண்ணியது.

கடையைத் தாண்டி மேடு ஏறினால், நாங்கள் மலை என்று சொல்லுகிற பக்கத்துத் தெருவில் ஓர் அமெரிக்கக் குடும்பம் இருந்தது. மனிதருக்கு ஏதோ கொம்பனியில் பெரிய உத்தியோகம். சனிக்கிழமைகளில் வந்து என் மாம்பழப் பெட்டிகளை மணந்து பார்த்து வாங்குவார். அந்த வருடம் பங்குனியில் மாரடைப்பு வந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு அந்த அம்மா தனியாக வருவா. முகத்தில் ரத்தம் இருக்காது. நானும் நல்ல பழமாகப் பார்த்துப் போட்டுவிடுவேன்.

கார்த்திகை தொடங்கிய நேரம், ஒருநாள் வந்து பெரிய வான்கோழி ஒன்று கிடைக்குமா என்று கேட்டா. போன இடமெல்லாம், "கிறிஸ்மசுக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களுடைய நாட்டில் நன்றி சொல்லுகிற நாள் என்று ஒன்று உண்டாம், தாங்ஸ்கிவிங். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும். அன்றைக்கு வான்கோழி இல்லாவிட்டால் அது நாளே இல்லையாம். அமெரிக்காவில் இருந்து இரண்டு மகன்மாரும் வருகிறார்கள். தகப்பனின் செத்தவீட்டில் சண்டை பிடித்த பிறகு ஒருவரோடு ஒருவர் கதை இல்லை.

"அவர் இருக்கேக்கை எப்பிடி நடந்ததோ அப்பிடியே நடக்கவேணும். இந்த முறை பிழையாப் போனால் என்ரை பிள்ளையள் இனி ஒரு மேசையிலை இருக்காதுகள்" என்று அவா இங்கிலிஷில் சொன்ன சாரம் எனக்கு நன்றாக விளங்கியது.

"மடம், என்ரை கடையிலை இல்லை எண்ட சொல்லே இல்லை" என்றேன் நான்.

சொன்னபடி செய்தேன். சந்தையில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் சொல்லிவைத்து, உறையாத புதுப் பறவையாக எடுப்பித்தேன். அந்த வியாழன் விடிய வந்து இறங்கியது. ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. இவ்வளவு பெரியதோடு தனி மனுசி எப்படி மல்லுக்கட்டப் போகிறா என்று எனக்குப் பாவமாக இருந்தது. மரக்குத்தியில் வைத்துக் கத்தியை எடுத்தேன்.

அப்போது கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் குடியிருப்பு. தேத்தண்ணியோடு இறங்கி வந்த என் மனுசி, "இஞ்சாருங்கோ, அவவிட்டை ஒருக்கால் கேட்டுப்போட்டு வெட்டுங்கோவன்" என்றா.

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? இறைச்சி எண்டால் வெட்டத்தானே வேணும்."

எங்கள் ஆட்கள் எவராவது கோழியோ ஆடோ முழுசாகக் கொண்டுபோவார்களா? கிறிஸ்மசுக்கு வான்கோழி வாங்குகிறவர்கள்கூட, "அண்ணை, கறிக்குச் சின்னனா" என்றுதான் சொல்லுவார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். தோலை உரித்தேன். கொழுப்பை எடுத்தேன். எல்லாத் துண்டும் ஒரே அளவாக வரும்படி வெட்டி, மஞ்சள் போட்டுக் கழுவி, நீலப் பைகளில் கட்டினேன். அப்படி ஒரு வெட்டை இன்றைக்கும் லண்டனில் ஒருவனாலும் வெட்ட ஏலாது.

பைகளைத் தூக்கிக்கொண்டு நானே மலை ஏறினேன். கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில் பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. குசினிக்குக் கூட்டிப்போனா. கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. ஒரு கிண்ணத்தில் சம்பல் மாதிரிச் சிவப்பாக ஏதோ பழம் அரைத்து வைத்திருந்தா. மேசையில் ஒரு பெரிய வெள்ளித் தட்டம், வெறுமையாக.

நான் பைகளை வைத்தேன். அவா என் கைக்குப் பின்னால் பார்த்தா. பிறகு வாசல் பக்கம் பார்த்தா.

"வான்கோழி எங்கை?"

"இதுதான் மடம். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. தோலும் உரிச்சுப்போட்டன்."

ஒரு பையை அவிழ்த்தா. மஞ்சள் துண்டுகளைப் பார்த்தா. சத்தியமாகச் சொல்லுகிறேன், கதிரை பின்னால் இருந்தபடியால்தான் அவா நிலத்தில் விழவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துண்டுகளைப் பார்த்தபடியே அவா விளக்கினா. பறவை முழுசாக, தோலோடு, அடுப்பில் மணிக்கணக்காக வேகவேணுமாம். அந்தத் தட்டத்தில் முழுசாக மேசைக்கு வரவேணுமாம். வீட்டுத் தலைவர் எழும்பி நின்று எல்லாருக்கும் முன்னால் அரிந்து பரிமாறவேணுமாம். இத்தனை வருடமும் புருஷன் நின்ற இடத்தில் இந்த முறை மூத்தவன் நிற்பான் என்று நினைத்திருந்தா. "அவன் அந்த இடத்திலை நிண்டால் நான் இருக்கமாட்டன்" என்று இளையவன் டெலிபோனில் சொல்லியிருந்தான். எப்படியாவது கெஞ்சி அவனை மேசையில் இருத்தலாம் என்று அவா இருந்த நேரத்தில்தான் நான் நீலப் பைகளோடு போய் நின்றிருக்கிறேன்.

"தயவுசெய்து போங்கோ" என்றா. அவ்வளவுதான். சத்தமில்லை.

நான் முதலாளிமாரிடம் ஏச்சு வாங்கிப் பழகியவன். கவுன்சில்காரர் கத்தினால் திருப்பிக் கத்தத் தெரிந்தவன். கத்தாத மனுசிக்கு முன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மலை இறங்கியது நினைவில்லை. கடைக்குள் வந்து டெலிபோனை எடுத்தேன். தெரிந்த இறைச்சிக்கடை எல்லாம் அடித்தேன். கடைசியில் சந்தைக்காரருக்கு அடித்தேன்.

"அண்ணை, முழுசு எண்டால் கல்லு மாதிரி உறைஞ்சதுதான் கிடக்கு. இளக நாளையிண்டைக்கு ஆகும்."

"எனக்கு இண்டைக்குப் பின்னேரம் வேணும்!"

"அப்ப ஊசி நூல் எடுத்து வெட்டினதைத் தையுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

மனுசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றா. "நான் அப்பவே சொன்னனான்" என்று அவா சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஓர் இடம் கிடைத்திருக்கும். அவா சொல்லவில்லை.

"வெட்டினதை ஒட்ட ஏலாது, சமைக்க ஏலும். பெரிய சட்டியைத் தூக்குங்கோ."

கடை திறந்த நாளில் இருந்து பகலில் பூட்டாத கதவைப் பூட்டினேன். தூள், வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப்பால் எல்லாவற்றோடும் இருவரும் மலை ஏறினோம். நல்ல காலம் அன்று வியாழன். வெள்ளி என்றால் என் மனுசி இறைச்சிச் சட்டியைத் தொட்டிருக்கமாட்டா. அந்த அம்மா கதவைத் திறந்ததும், "சொறி மடம். ஐ குக்" என்றா மனுசி. அவவுக்குத் தெரிந்த இங்கிலிஷ் அவ்வளவுதான். மறுக்கப் பலமில்லாமல் அந்த அம்மா வழிவிட்டா. கொஞ்ச நேரம் சுவரோடு நின்று பார்த்தா. பிறகு மெல்ல வந்து, கேட்காமலே வெங்காயம் உரிக்கத் தொடங்கினா.

உறைப்பைக் குறைத்துத்தான் வைத்தோம். ஆனாலும் தாளித்த மணத்துக்கு யன்னல் எல்லாம் திறக்கவேண்டி வந்தது.

மூத்தவன் முதலில் வந்தான். கோட்டும், கழுத்தில் ரையும். மூக்கைச் சுளித்தான். அலுமாரி லாச்சியை இழுத்துத் தகப்பனின் நீளக் கத்தியை எடுத்து மேசையின் தலைப்பக்கம் வைத்தான். அடுத்து இளையவன். கத்தியைக் கண்டதும் அப்படியே வாசலில் நின்றுவிட்டான். குளிர்கோட்டைக் கழற்றவில்லை. திரும்பிப் போகப்போகிறான் என்று எனக்கே தெரிந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை நடுவில் வைத்தா.

"பறவை எங்கை அம்மா?" என்றான் மூத்தவன்.

அவா என்னைக் காட்டினா. "இவர் வெட்டிப்போட்டார்."

நான் பின்கதவு எங்கே என்று பார்த்தேன்.

"முழுக்கவோ?" என்றான் வாசலில் நின்றவன்.

"ஓம்... யெஸ். தோலும் உரிச்சாச்சு" என்றேன்.

திடீரென்று இளையவன் வெடித்துச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே கோட்டைக் கழற்றிவிட்டு வந்து இருந்துவிட்டான். மூத்தவன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கத்தியை எடுத்துக்கொண்டுபோய் லாச்சிக்குள் போட்டு மூடினான்.

எங்களையும் இருத்தினார்கள். சாப்பிட முதல் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவேணுமாம். பெற்ற தாய்க்குப் பிள்ளை, புருஷனுக்குப் பெண்சாதி! வீட்டுக்குள்ளேயே நன்றி சொல்லுகிற சனம் உலகத்தில் இருக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மூத்தவன் தொடங்கினான். "அந்தக் கத்தியைப் பிடிக்கவேண்டி வராததுக்கு நன்றி. பிளேன்லை நான் கண்மூடயில்லை. அப்பா நிண்ட இடத்திலை என்னாலை நிக்க ஏலாது."

இளையவனின் வாய் திறந்தபடி நின்றது. "நீ அந்த இடத்துக்கு ஆசைப்படுறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்!"

"நானோ? அம்மா எல்லாம் பழையபடி வேணும் எண்டா. அதுக்குத்தான் எடுத்து வைச்சனான்."

இரண்டு பேரும் தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்றுதான் அப்படிச் சொன்னதாக அவா சொன்னா. மூன்று பேரும் மற்றவருக்காகப் பயந்து, விருப்பமில்லாத ஒன்றைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். தலைப்பக்கக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. சட்டி கைக்குக் கை மாறியது.

இளையவன் என் மனுசிக்கு நன்றி சொன்னான். அந்த அம்மாவும் என் மனுசிக்கே சொன்னா. என் முறை வந்தது. நான் முருகனுக்குச் சொன்னேன், வேறு ஆருக்குச் சொல்ல? பிறகு மனுசியின் முறை. அவா தமிழில்தான் சொன்னா, தலையை நிமிர்த்தாமல்.

"கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து சமைக்கிறன். நல்லாயிருக்கு எண்டு சொன்னவை இருக்கினம். எனக்கு நன்றி எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. இண்டைக்குத்தான் காதாலை கேக்கிறன். அதுக்கு நன்றி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், இங்கிலிஷில் சொல்லச் சொல்லி. வேறு ஆள் இல்லை. என் வாயால்தான் சொல்லவேண்டி வந்தது. கடை எடுக்கும்போது வக்கீலுக்கு முன்னால் திக்காத நாக்கு அன்று திக்கியது.

மலை இறங்கும்போது, "தாங்ஸ்" என்றேன், இங்கிலிஷில். தமிழில் வாய் வரவில்லை. அவா நின்று என் முகத்தைப் பார்த்தா.

"என்னப்பா, காய்ச்சலோ?"

அடுத்த வருடமும் அந்த அம்மா வான்கோழி சொன்னா. "வெட்டி, தோலுரிச்சு" என்று தானே சொன்னா. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகும்வரை அந்த வீட்டில் அதுதான் வழக்கம். தொண்ணூறுகளிலும் அந்த நாளில் இளையவன் அங்கிருந்து டெலிபோன் எடுப்பான். அண்ணனும் தம்பியும் ஒரு வீட்டில்தான் கொண்டாடுகிறார்கள் என்பான். தங்கள் பிள்ளைகளுக்கு, "லண்டனிலை ஓர் அம்மா எங்களுக்கு வைச்ச கறி" என்று அந்தக் கதையைச் சொல்லுவார்களாம். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை!

நன்றி சொல்லுகிற நாள் என்றால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடி நடக்கவேணும் என்றுதான் அந்த அம்மா நினைத்தா, நானும் நினைத்தேன். ஒன்றும் நினைத்தபடி நடக்காத ஒரு மேசையில்தான் மனிசர் மனதில் கிடந்ததைச் சொன்னார்கள், கறி வைத்தது என் மனுசிதான், அதை எங்கேயும் எழுதித் தருவேன், ஆனால் முழுசாக இருந்திருந்தால் அந்தச் சகோதரரைப் பிரித்திருக்கக்கூடிய பறவையை வெட்டியவன் நான், கதை சொல்லுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும்.