அப்பாவு முடுக்கிய போல்ட்டுகள்

தாப்பாவிலிருந்து தெலுக் இந்தானுக்கு பஸ் ஏறினால் செல்லாயிக்கு வாய் சும்மா இருக்காது. செம்பனைத் தோட்டத்துக்கு மேலே ஒரு மின்கோபுரம் தலை காட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் முழங்கையால் இடித்து, "எங்க வீட்டுக்காரரு கட்டுனது," என்பாள். அவள் காட்டுவதில் பாதி வேறு ஆட்கள் கட்டியவை. அவள் கணவர் அப்பாவு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனாலும் பெருமைப்பட அவளுக்கு உரிமை உண்டு. எழுபத்து நாலாம் வருஷம் தோட்டத்து ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, பால்மரம் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. செல்லாயியின் அண்ணன் ராமையா, கோபுரம் கட்டும் குத்தகைக்காரரிடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். "ஒரு கோபுரம் பாப்போம். சரியா வந்தா வச்சிக்கிறேன்," என்றார். செல்லாயி அன்று மாலையே லயத்து வீடுகள் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

லாரி நுழையாத காட்டிலும் கோபுரம் எழும்பும் என்றால், அது துண்டு துண்டாக வருவதால்தான். ஒவ்வொரு இரும்பையும் ஆட்கள் தோளில் சுமந்து போகலாம். குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட காற்றும் சந்து வழியே போய்விடும், கோபுரம் அசையாது.

"போல்ட்ட விரலால திருகி விடு, போதும். முடுக்காத," என்றார் ராமையா.

அப்பாவுக்கு இது ஏதோ சோதனை என்று பட்டது. வேலையைத் தளர விட்டு வா என்று எந்தக் கங்காணி சொல்லியிருக்கிறான்? தோட்டத்தில் ஒரு மரத்தில் வெட்டு சரியில்லை என்றாலும் பாட்டன் பூட்டன் வரை இழுத்துத் திட்டுவான். ராமையா அந்தப் பக்கம் போனதும் அப்பாவு ஸ்பானரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார். அவ்வளவு சுத்தமான வேலை!

மறுநாள் மேல் அடுக்குக்குக் குறுக்கு இரும்பைத் தூக்கினார்கள். ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. இழுத்தார்கள், அடித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நாலு பக்கமும் கூடும்வரை இரும்புகளுக்குக் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். முன்னாலேயே இறுக்கினால் கோணலும் சேர்ந்து இறுகிவிடும். ராமையா கீழே இறங்கி ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு முடுக்கினது?"

"நான்தான் மச்சான்."

"வேணாம் மாப்ளே. நீ கெளம்பு. என் மானமும் சேந்து போவுது."

எங்கே கிளம்புவது? தோட்டத்தில் வேலை இல்லை. லயத்துக்குத் திரும்பினால், ஊரெல்லாம் சொல்லி வைத்த செல்லாயி எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவாள்?

"நானே கழட்டுறேன் மச்சான். அப்பவும் சேரலன்னா போயிடுறேன்."

யாரையும் கிட்ட விடவில்லை. தான் மூச்சைப் பிடித்து முடுக்கியதைத் தானே தளர்த்துவது எத்தனை கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து ஸ்பானர் பிசுபிசுத்தது. வெயில் இறங்கும் நேரத்தில் குறுக்கு இரும்பு மறுபடி மேலே போனது. இந்த முறை போல்ட்டு விரலாலேயே உள்ளே போயிற்று.

ராமையா பாராட்டவெல்லாம் இல்லை. "இப்ப முடுக்கு," என்றார்.

அதன் பிறகு ஈப்போவில் ஈயம் தோண்டிய குட்டை ஓரம், பாகான் டத்தோ சேற்று நிலம் என்று அப்பாவு ஏறாத கோபுரம் இல்லை. சில வருஷங்களில் அவரே மண்டோர் ஆனார். ஆனால் அந்த முதல் கோபுரத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை. கையில் கயிறு அறுத்துவிட்டது என்று வீட்டில் சொன்னதோடு சரி. பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

எண்பத்து மூன்றில் ஒருநாள், பக்கத்து இருக்கைப் பெண் சிரித்துவிட்டாள். "எல்லாமே உங்க வீட்டுக்காரரா? சும்மா சொல்லாதீங்கக்கா. உண்மையிலேயே எத கட்டுனாரு?"

செல்லாயிக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து முதல் கோபுரம் வந்தது. அப்பாவு கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தா தெரியுது பாரு, அது! மத்தவங்க ஒரு வாட்டிதான் கட்டுவாங்க. அத எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாட்டி கட்டுனாருலா! கைத்தோலு உரிஞ்சி வந்து கயிறு அறுத்துருச்சின்னு என்கிட்ட பொய் வேற. அண்ணன் அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிருச்சி."

அப்பாவு கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷமாக அவமானம் என்று அவர் ஒளித்ததை அவள் பெருமையாக வைத்திருந்திருக்கிறாள். பஸ் வளைவில் திரும்பியது. கோபுரம் மரங்களுக்குப் பின்னால் போகும்வரை அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.