காயில் சுற்றிய ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் ஒரு மாம்பழம்கூட இருக்காது, ஆனால் மாம்பழ வாசனை அடிக்கும். கல்யாணமாகி மலேசியாவில் கிள்ளானுக்கு வந்த புதிதில் பழம் எங்கே என்று அடுப்படியெல்லாம் தேடியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அது என் வீட்டுக்காரர் இழுக்கிற வேப், அதாவது மின்சிகரெட்டின் புகை. கல்யாணம் பேசியபோதே சிகரெட்டை விடுங்கள் என்று போனில் கெஞ்சியிருந்தேன், இதற்கு மாறியிருந்தார். முருகன் பாதி கேட்டுக்கொண்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேசையில் துண்டை விரித்துக் காயில் சுற்ற உட்கார்ந்தால் ஆளே வேறு. வேப்புக்குள் சூடாகிற சின்னக் கம்பிச்சுருள்தான் காயில். மெல்லிய கம்பியை ஸ்க்ரூ டிரைவரில் ஆறு சுற்றுச் சுற்றி, நடுவில் பஞ்சைத் திரித்து நுழைக்க வேண்டும். அவர் சுற்றும்போது நான் கம்பி நுனியைப் பிடித்துக்கொள்வேன். அது முடிந்ததும் எதிரே உட்கார்ந்து வாரத்துக்கு வேண்டிய விளக்குத் திரி திரிப்பேன். கையில் வேலை இருந்தால் அவருக்கு வாய் திறக்கும். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தது, பத்து வயதில் அம்மா இறந்தபோது அழ வெட்கப்பட்டு லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, எல்லாம் அந்த மேசையில்தான் சொன்னார். அறந்தாங்கியில் என் பிறந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர், யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். இங்கே எனக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.

கெடுத்தது நான்தான். ஒரு ஞாயிறு அவருடைய பஞ்சு தீர்ந்துபோய், சாமி மாடத்தில் நான் வைத்திருந்ததை எடுத்துவந்தார்.

"எச்சில் படுற சாமானுக்குச் சாமி பஞ்சா? உங்க வீட்டுல சொல்லிக் கொடுத்து வளர்க்கலையா?"

அம்மா இல்லாமல் வளர்ந்தவரிடம் அதைக் கேட்டேன். "சாரி லா" என்று பஞ்சைத் திரும்ப வைத்தார். அடுத்த வாரம் ரெடிமேட் காயில் பெட்டி வந்தது. பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினால் தீர்ந்தது. "இதுதான் சுலபம் செல்வி. ஒனக்கும் தொந்தரவு இல்ல." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஞாயிறுகளில் டிவி பேசியது.

போன மாதம் பூ வாங்கப் போனவள் பக்கத்து வேப் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் சந்தோஷமாக வரவேற்றார்.

"ஆன்டிக்கா? புதுசுன்னா ஸ்ட்ராபெர்ரி எடுங்க, இருமல் வராது."

நெற்றி நிறையத் திருநீறோடு நிற்கிறேன். "எனக்கில்லப்பா. காயில் சுத்துற கம்பி வேணும்."

"இப்ப யாரு ஆன்டி சுத்துறா? ரெடிமேட் வாங்குனா ஒரு நிமிசம். மிச்ச நேரத்துக்கு வேற வேலை பாக்கலாம் லா."

"அந்த நேரத்துக்குத்தான் வாங்குறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஏதோ அடி டப்பாவில் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறன்று துண்டை நானே விரித்தேன். கம்பி, ஸ்க்ரூ டிரைவர், கூடவே முருகனிடம் கேட்டுக்கொண்டு சாமி மாடத்துப் பஞ்சில் பாதி. வந்து பார்த்தார். கம்பியை விரலால் தொட்டார்.

"எதுக்கு செல்வி இதெல்லாம். கண்ணும் முன்ன மாதிரி இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "ஒனக்கு இங்க போரிங்கா இருக்கு போல. ஊருக்கு ஒரு தடவ போயிட்டு வரியா?"

அன்பாகத்தான் கேட்டார். போனில் டிக்கெட் தேடினார். "போற தேதி?"

வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னேன்.

"வர்ற தேதி?"

அதை அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று போனைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.