நேசன் அண்ணைக்கு நான் செய்த நோட்டீஸ்

நேசன் அண்ணை இல்லையாம்.

புதுக்குடியிருப்பில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த நேசன் அண்ணை. காலையில் நெஞ்சு நோகிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

அவருடைய மனைவி யோகா அக்காதான் கோல் எடுத்தார். அழவில்லை.

"பிள்ளை, அவருக்கு நோட்டீஸ் அடிக்கோணும். ஊரிலை எல்லாருக்கும் அவர்தானே செய்து குடுத்தவர். இப்ப அவருக்கு ஆரிட்டைப் போறது? நீ செய்து தா."

ஓம் என்றுவிட்டேன். கிளிநொச்சியில் ஆபீசில் இருந்தேன். வெப் டிசைன்தான் என் வேலை, ஒரு மரண அறிவித்தல் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கப்போகிறது... ஆனால் அவருடைய பெயரை டைப் பண்ணிவிட்டுக் கன நேரம் அப்படியே இருந்தேன். பின்னேரத்துக்கு முன் அனுப்ப வேண்டும். அவருக்கென்று நான் செய்யும் முதல் வேலை, கடைசி வேலையும் அதுதான். பிழைத்துவிடக் கூடாது என்று ஒரே பதற்றம்.

இந்த வேலை எனக்குத் தெரியும் என்றால் அதற்கு அவருடைய மெஷினும் ஒரு காரணம்.

ஏ.எல். சோதனை முடித்துவிட்டு வெப் டிசைன் படிக்க வேண்டும் என்று நின்றேன். கிளிநொச்சிக்கு விட வீட்டில் சம்மதமில்லை. இன்டர்நெற்றில் தேடியபோது நல்ல நல்ல புத்தகங்கள் இலவசமாகவே கிடந்தன. என்னிடம் இருந்ததோ கண்ணாடி வெடித்த ஒரு போன். அதில் ஒரு பக்கத்தை வாசிக்க அங்கும் இங்கும் இழுத்து இழுத்தே விரல் நொந்துவிடும்.

அதனால் நேசன் அண்ணையிடம் பிரின்ட் எடுக்கப் போனேன்.

"ஆற்றை புத்தகம் இது?"

"வெளிநாட்டுக்காரர் ஒராள் எழுதினது அண்ணை. நெற்றிலை சும்மா விட்டிருக்கிறார்."

"சும்மாவோ... ஏன்?"

புத்தகம் இருந்த போனை அவர் முன்னால் வைத்தேன்.

"சரி, சும்மா தாறன் எண்டு அந்தாள் எழுதியிருக்கிற பக்கத்தைக் காட்டு."

காட்டினேன். யாரும் எடுக்கலாம், அச்சடிக்கலாம் என்பதைத் தமிழில் வாசித்தும் சொன்னேன். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரின்ட் எடுத்தார். அட்டைக்கும் மேலே வைத்து பைண்ட் பண்ணினார். "நாளைக்கு ஆரும் கேட்டால் உடனை காட்டலாம்" என்றார். எங்கே போனாலும் சோதனைச் சாவடியில் காட்டவென்று ஐடென்டிக் கார்டை முன் பொக்கற்றில் வைத்தே பழகிய மனிசன்.

எழுத்தைப் பற்றி ஒரு புத்தகம், பக்கத்தை அமைப்பது பற்றி ஒன்று, நிறத்தைப் பற்றி ஒன்று... எல்லாவற்றுக்கும் அனுமதிதான் முதற்பக்கம்.

நிறப் புத்தகத்தில்தான் சிக்கல். அவரிடம் இருந்தது கறுப்பு வெள்ளை மெஷின். பக்கம் பக்கமாகப் பெட்டிகள், கீழே நிறத்தின் பெயர், ஆனால் எல்லாப் பெட்டியும் சாம்பல். என் ஏமாற்றத்தை முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போல.

இரண்டு நாள் கழித்துப் போனால், கரண்ட் இல்லாத நேரத்தில் மகளுடைய கலர் பென்சில் பெட்டியை எடுத்து ஒவ்வொரு பெட்டியையும் தீட்டி வைத்திருக்கிறார். பெயரை வாசித்து வாசித்து. கோட்டுக்கு வெளியே ஓரிடத்தில்கூடப் போகவில்லை.

அதில் ஆங்கிலத்தில் salmon, அதாவது 'சமன்' என்று ஒரு நிறம். டின்னில் அடைத்து வரும் மீனை நாங்கள் சமன் என்றுதான் சொல்வோம். அண்ணைக்குத் தெரிந்த சமனும் அதுதான். அந்தப் பெட்டியை நல்ல மீன் சாம்பலாகத் தீட்டியிருந்தார். நானும் நம்பிவிட்டேன்.

இந்த ஆபீசுக்கு நேர்முகத்துக்கு வந்தபோது ஒரு நெல் ஆலைக்கு வெப் பக்கம் செய்யச் சொன்னார்கள். அடக்கமான ஒரு சாம்பல் நிறம் வேண்டும் என்று நிறத்தின் பெயராக 'சமன்' என எழுதினேன். திரையில் ஆலையின் பக்கம் முழுக்க றோஸ் நிறம். பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் வேலை போனது என்றே நினைத்தேன். எப்படியோ கிடைத்துவிட்டது.

கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"மீன் என்னண்டு பிள்ளை றோஸாய் இருக்கும்?"

"அவையின்ரை மீன் அப்பிடித்தானாம் அண்ணை."

"அப்ப அந்த மீனிலை ஏதோ பிழை இருக்கு" என்றார். கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

இன்றைய நோட்டீசுக்கு அந்தப் புத்தகங்களில் படித்த எல்லாவற்றையும் போட்டேன். வெள்ளைப் பின்னணி. அவருடைய படம், பெயர், கிரியை நேரம். பூ இல்லை, சுற்றிவரக் கரை இல்லை. நான் செய்ததிலேயே திறமான வேலை என்று மனதுக்குப் பட்டது. வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

யோகா அக்கா உடனே கோல் எடுத்தார்.

"வடிவாத்தான் இருக்கு பிள்ளை. குத்துவிளக்கு எங்கை?"

"இப்ப அது போடுறேல்லை அக்கா. இதுதான் நீற்றாய் இருக்கும்."



"ஊரிலை ஆர் செத்தாலும் அவர் குத்துவிளக்கு வைச்சுத்தான் அனுப்பினவர். கேக்க ஒரு சொந்தமில்லாமல் செத்த சனத்துக்கும் வைச்சவர். அவரை மட்டும் இருட்டிலை அனுப்பப் போறியோ?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆபீசில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

பிறகு, கடைக் கம்ப்யூட்டரில் இருந்த விளக்கை அனுப்பச் சொன்னேன். அவர் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் வைத்த அதே படம். பெருப்பித்துப் பெருப்பித்து ஓரமெல்லாம் கலங்கிப் போயிருந்தது. நெற்றில் தெளிவான படம் எத்தனையோ இருக்கிறது, நான் தேடவில்லை.

கரை போட்டேன். பூப் போட்டேன். மருமக்கள், பெறாமக்கள், சகலன் என்று அக்கா சொன்ன பெயர் ஒன்றையும் விடவில்லை. ஒரு விரல் வைக்க இடமில்லாத நோட்டீஸ். இப்போது அது புதுக்குடியிருப்புச் சந்தியில் ஒட்டியாகிவிட்டதாம்.

நாளைக் காலை வீட்டில் கிரியை. அவர் கடையில் ஒரு பக்கமாவது கொப்பி எடுத்தவர்கள் வாருங்கள்.

அண்ணை, ரெண்டு பக்கமும் விளக்கு வைச்சிருக்கிறன். பாத்துப் போங்கோ.