நான் படித்துச் சொன்ன கடிதம்

"இன்னாடி, நெஜமாவே பட்ச்சிதான் சொல்றியா, இல்ல நீயா எதுனா கத வுட்டுகினு கீறியா?"

போண்டா மடித்து வந்த தாளை வாசித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சித்தி கேட்டாள். அப்போது நான் எட்டாம் வகுப்பு. திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் குடிசையும் அம்மாவின் தங்கையான அவளுடைய குடிசையும் ஒட்டியிருந்தன. பள்ளி விட்டதும் அவள் வாசலில் போய் உட்காருவேன். அலைத்தடுப்புக் கற்களில் வழுக்கி விழுந்ததிலிருந்து மடங்காத வலது காலை நீட்டிக்கொண்டு அவள் இறால் உரிப்பாள். எண்ணெய் ஊறிய தாளில் என்ன இருந்தாலும் நான் உரக்கப் படிப்பேன். வரன் தேவை, காணவில்லை, பாதியில் கிழிந்த கொலைச் செய்தி. கிழிந்த பாதியை நானே இட்டுக்கட்டி முடிப்பேன். அதனால் அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். கேஸ் புத்தகம், ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று குப்பமே என்னிடம்தான் வரும். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே ஒரு கவரோடு வந்தாள். கடல் அரித்த குடிசை வரிசையில் இருந்தவர்களுக்கு எர்ணாவூரில் அடுக்குமாடி வீடு தருவதாகப் பேச்சிருந்த நேரம். கடிதம் முழுக்க ஆங்கிலம். அவள் பெயரும் தேதியும்தான் எனக்குப் புரிந்தன. தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. கண்ணை வரி வரியாக ஓட்டிவிட்டு, "வூடு ஒதுக்கிட்டாங்களாம் சித்தி. அவங்களே கூப்புடுவாங்களாம், நீ சும்மா இருந்தா போதும்" என்றேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவளுக்குக் கிடைத்தது நான்காவது மாடி. லிப்ட் கிடையாது. இறால் கூடையை இடுப்பில் வைத்து, நல்ல காலை முதலில் ஊன்றி, மற்றதை இழுத்து இழுத்து ஏறுவாள்.

கல்லூரி இரண்டாம் வருடம், அவளுடைய ஆதார் அட்டையைத் தேடி ஒரு பிளாஸ்டிக் பையைத் துழாவியபோது அந்தக் கடிதம் கைக்கு வந்தது. இந்த முறை ஒரே மூச்சில் புரிந்தது. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் டாக்டர் சான்றோடு பதினைந்து நாளுக்குள் நேரில் வந்தால் தரைத்தளம். பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். அப்படியும் ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. மாலையில் போனால், அப்போதுதான் ஏறி வந்திருப்பாள். மூச்சு வாங்கிக்கொண்டே எனக்கு டீ போடுவாள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. மாற்றித் தரச் சொல்லி மனு எழுதினேன். அப்போதே ஏன் கேட்கவில்லை என்பதற்கு உள்ளதை எழுதி, சித்திக்கு ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினேன். இறால் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தெர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கவர எத்துகினு உன் வாத்தியாராண்ட போயிருப்பனேடி."

மீதி இறாலையும் உரித்து முடித்தாள். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து கைநாட்டு வைத்தாள். நான் செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது. "அந்த வரிய அட்ச்சிடு. ஆபீசுல உன்ன இன்னா நெனைப்பாங்க."

அடிக்கவில்லை. 'அந்தக் கடிதம் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தவறாகச் சொன்னது நான்' என்ற வரியோடு, அவள் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டு, இன்று காலை மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.