கோமளா தொட்டுப் பார்த்த மைக்

கோமளா தக்காளி வாங்க வந்தால் தள்ளுவண்டிக்காரருக்கு வேர்த்துவிடும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள், காம்புப் பக்கம் அழுத்திப் பார்ப்பாள், கடைசியில் தராசையும் ஒரு முறை முறைப்பாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஷேடு மாறியிருக்கிறதா என்று நாள் முழுவதும் சந்தேகப்படுவதுதான் அவளுக்கு வேலை. எதையும் நம்பாததற்குச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்ததும் மட்டும் எல்லாவற்றையும் நம்பிவிடுவாளா என்ன?

தன் கையை மட்டும் நம்புவாள். வேலம்பாளையத்தில் அவள் போகிற சர்ச்சில் ஞாயிறுதோறும் டிரம்ஸ் வாசிப்பது அவள்தான். குச்சியைப் பிடித்துவிட்டால் அந்தச் சிடுமூஞ்சி எங்கே போகுமோ தெரியாது, ஆளே வேறு.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பலாம் என்று பாடகர் குழு முடிவு செய்தது. குழுவின் தலைவர் செல்வக்குமார் கீபோர்டு வாசிப்பவர். பதிவு செய்கிற கம்ப்யூட்டரும் அவருடையதுதான்.

"டிரம்ஸ் எதுக்கும்மா? கீபோர்டுலயே ரிதம் இருக்குது. பட்டனைத் தட்டுனாப் போதும்" என்றார்.

"அப்ப நானுங்ணா?"

"நீ ஞாயித்துக்கிழமை வாசிம்மா."

கோமளாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடம் வாசித்தும் ஒரு பட்டன் தன் இடத்தில் உட்காரப் போகிறதா? அவள் விடவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் செல்வக்குமார் ஒரு வழிக்கு வந்தார். டிரம்ஸுக்கு மேலே நின்று மொத்தச் சத்தத்தையும் வாங்குகிற ஓவர்ஹெட் மைக் இரண்டு வேண்டும். சர்ச்சின் கையிருப்புக்குள் அவளே ஜோடியாகப் பார்த்து வாங்கட்டும். சத்தம் நன்றாக வந்தால் சனிக்கிழமை அவளே வாசிக்கலாம். வராவிட்டால் கீபோர்டுதான்.

அன்றிலிருந்து கோமளாவின் போன் முழுக்க மைக் படங்கள்தான். விலை குறைந்தவற்றில் மூன்று கம்பெனி மைக்குகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. அதே உடம்பு, அதே வலை, எழுத்து மட்டும்தான் வேறு. ஒரே லாட் பனியன் மூன்று லேபிளோடு மூன்று நாட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பவளிடமே இந்த வேலையா? பிறகு கருத்துகளைப் படித்தாள். எல்லோரும் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு பொருள் சூப்பராக இருந்தால் எழுதியவர்கள் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

அப்போதுதான் பிரபாகர் வந்தான். கல்யாணங்களுக்கு சவுண்டு செட் வாடகைக்கு விடுகிறவன். அதே தெருப் பையன், அவளை அக்கா என்று கூப்பிடுவான். தன்னிடம் கண்டென்சர் மைக் ஒரு ஜோடி இருப்பதாகச் சொல்லி, பாதி விலைக்குக் கொடுத்தான்.

"ஏந்தம்பி இத்தனை கம்மி?"

"மேடைக்கு இது ஆகாதுங்கக்கா. கூட்டத்துச் சத்தத்தையும் சேத்தி வாங்கிரும். அமைதியான ரூமுக்குத்தான் சரி. எங்கிட்டச் சும்மாதான் கெடக்குது. அதுமில்லாம வாசிக்கப் போறது நீங்க."

கடைசி வாக்கியம் கோமளாவுக்குப் பிடிக்கவில்லை. பாசத்தைக் காட்டி விற்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனாலும் சனிக்கிழமை நெருங்கிவிட்டதால் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை சர்ச் கூடத்தில் சோதனை. இரண்டு ஸ்டாண்டுகளையும் கோமளாவே நிறுத்தினாள். பனியனை நடு மடிப்பிலிருந்து அளப்பதுபோல, நடுவில் இருந்த பெரிய டிரம்மிலிருந்து இஞ்ச் டேப் பிடித்து இரண்டு பக்கமும் நூல் பிசகாமல் அளந்தாள். பிறகு உட்கார்ந்து வாசித்தாள். ஹெட்போனில் கேட்ட செல்வக்குமார் உதட்டைப் பிதுக்கினார்.

"சிம்பல் தட்டு நல்லா கேக்குதும்மா. ஸ்னேருதான் தகரத்தைத் தட்டுன மாதிரி இருக்குது."

ஸ்னேர் என்பது வாசிப்பவரின் இடது முழங்காலை ஒட்டி நிற்கும் சின்ன டிரம். ஒவ்வொரு மைக்காக வைத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக இரண்டும் நன்றாகவே இருந்தன. சேர்த்தால் சத்தம் செத்துவிட்டது. கோமளாவுக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாக நினைத்தாள். இரண்டு லாட் துணியைக் கலந்து தைத்தால் தனியாகப் பார்க்கையில் தெரியாது, பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கும். இதில் ஒன்று டூப்ளிகேட்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். கோமளா ஒரு மைக்கின் தலையைத் திருகிக் கழற்றினாள். உள்ளே வலைக்குப் பின்னால் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய தாள் மினுங்கியது. எத்தனையோ துணியைத் தொட்டே தரம் சொன்ன கை அவளுடையது. வலையையும் நெம்பி எடுத்துவிட்டு, யோசிக்காமல் விரலால் அந்தத் தாளை நீவிப் பார்த்தாள். அது அப்படியே அமுங்கிக் கிழிந்தது. திரும்ப மாட்டினால் சத்தமே இல்லை.

'தொட்டதுக்கே போயிருச்சுன்னா அது ஒரிஜினலா?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செல்வக்குமார் திரும்பி வந்தபோது, "ஒண்ணு டூப்ளிகேட்டுங்ணா, இப்ப வேலையே செய்யல" என்றாள். கழற்றியதைச் சொல்லவில்லை. மீதமிருந்த ஒன்றை மட்டும் வைத்து வாசித்தாள். கூடமே அதிர்ந்தது, ஸ்னேர் கணீரென்று விழுந்தது.

"இது போதும்மா! நாளைக்கு நீயே வாசி" என்றார் செல்வக்குமார். கையோடு குழுவின் வாட்ஸப்பில், கிறிஸ்துமஸுக்குப் பிரபாகரின் சவுண்டு செட் வேண்டாம், ஆள் ஏமாற்றுகிறான் என்றும் போட்டுவிட்டார்.

கோமளா வெற்றி வீராங்கனையாக வீட்டுக்கு வந்து பிரபாகரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்.

"ஏனுங்கக்கா, எங்கிருந்து அளந்தீங்க?"

"பெரிய டிரம்முல இருந்துதான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு."

"ஸ்னேரு இடது பக்கமில்லீங்க இருக்குது? அதுல இருந்து ரெண்டு மைக்குக்கும் ஒரே தூரம் வெக்கோணும். ஒண்ணுக்கு முந்தியும் ஒண்ணுக்குப் பிந்தியும் சத்தம் போனா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுரும். மைக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க. காலைல வந்து நானே வெச்சுத் தர்றேன்."

கோமளா 'சரி' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். ஒரு மைக்கை அவளே கிழித்துவிட்டது அவனுக்கு இன்னும் தெரியாதே!

காலையில் அவள்தான் முதலில் கூடத்துக்குப் போனாள். ஸ்னேரிலிருந்து டேப்பைப் பிடித்தாள். வலது மைக் இடது மைக்கைவிட ஒரு முழம் தள்ளி இருந்தது. தப்பான இடத்திலிருந்து அளந்து நல்ல பீஸை ரிஜெக்ட் செய்திருக்கிறாள். கம்பெனியில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவள் பேசியிருக்கும் பேச்சை நினைத்து அவளுக்கே கூசியது. ஆனால் வாயை மூடிக்கொண்டால் போதும், இன்று அவள்தான் வாசிக்கப் போகிறாள். அதுவும் ஓடியது மனதில்.

பிரபாகர் வந்தான். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. "உங்க டூப்ளிகேட்டை எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் செல்வக்குமார். பிரபாகர் மைக்கைக் கழற்றிப் பார்த்தான். கிழிந்த தாளின் மேல் விரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது. அவன் நிமிரவே இல்லை.

"அது டூப்ளிகேட் இல்லீங்ணா" என்றாள் கோமளா. "நான்தான் தப்பா அளந்துட்டேன். அப்பறம் கழட்டித் தொட்டு அதைக் கெடுத்தவளும் நான்தான். தம்பி மேல ஒரு தப்புமில்ல."

பிரபாகர் உடைந்த மைக்கைப் பையில் போட்டான். பிறகு ஸ்டாண்டிலிருந்த நல்ல மைக்கையும் கழற்றி அதே பையில் போட்டான்.

"ரெண்டுக்கும் காசு திருப்பி வந்துருமுங்க."

"அது இருக்கட்டும் தம்பி. இன்னிக்கு ஒருநாள்..."

"குரூப்புல எம்பேரு போனப்பவே சொல்லியிருக்கலாமுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். செல்வக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு கீபோர்டின் பட்டனைத் தட்டினார்.

பாட்டு எல்லோர் போனுக்கும் வந்தது. கோமளா அதை வீட்டில் உட்கார்ந்து ஓட விட்டு, அடிக்கு அடி பிழை தேடினாள். ஒன்றும் சிக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் கணவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"அடி ஒவ்வொண்ணும் என்னமா விழுகுது! மெசினு வருமா இதுக்கு? உன்ற கை எனக்குத் தெரியாதா?"

கேலி செய்கிறாரோ என்று கோமளா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை, நிஜமாகவேதான் சொல்கிறார்.

"போதும், நிறுத்துங்க" என்றாள்.