சாமியிடம் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்ன டாக்டரம்மா

செய்தி வந்தபோது எருமப்பட்டிப் பக்கம் எங்கள் கோழிப்பண்ணை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் மாமியார், முட்டை ஏற்ற வந்திருந்த வண்டிக்காரர். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஜோதி போனில் பேசினார். ஆய்வக டாக்டர் வளர்மதி நெஞ்சுவலியில் இறந்துவிட்டாராம். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமியார் அவரைப் பார்த்து, "போயிட்டு வா சாமி. நீ எந்திரிச்சு நடக்கறதே அந்தம்மா புண்ணியம்" என்றார்.

இதைப் படிக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களே, உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். தெரிந்ததெல்லாம் நானே தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டதுதான். நோயாளியின் மனைவியாக அவருடைய ஆய்வக வாசலில் நின்றேன். அங்கிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சிறுநீரகக் கோளாறுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அப்போது பிடித்த காய்ச்சலும் இருமலும் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. சளியில் ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள் சிலர், நிமோனியா என்றார்கள் சிலர். டாக்டர் வளர்மதி ஆய்வகத்தில் உட்கார்ந்திராமல் வார்டுக்கே வந்தார். எங்களுக்குக் கோழிப்பண்ணை என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரரிடம் தீவனத்தைப் பற்றிக் கேட்டார்.

"பூசணம் புடிச்ச மக்காச்சோளத்த யாருங்க கொட்டிப் பிரிக்கறது?"

"நான்தானுங்க."

"மாத்திரை ஆரம்பிச்ச பொறகுமா?"

"ஆளு கெடைக்க வேண்டாமுங்களா?"

"நல்லா சிக்கனம் புடிச்சீங்க போங்க" என்று கடிந்துகொண்டார்.

பிறகு என்னைத் தனியே அழைத்து விளக்கினார். பூஞ்சைத் தூளை நாம் எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது நுரையீரலில் வேரூன்றிவிடும். மெல்லிய குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவிய நீரை எடுக்க வேண்டும். அதில் பூஞ்சையின் மரபணு துளியளவு இருந்தாலும் பி.சி.ஆர். கருவி பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். "பழைய மொறையில தட்டுல வளத்தும் பாப்போமுங்க. ஆனா தட்டுல வளர்ற வரைக்கும் காத்திருந்தா, அவரு நெஞ்சுலயும் வளரும்" என்றார்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதற்கும் குலதெய்வத்திடம் பூ கேட்போம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து வைத்து, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சம்மதம். "அமாவாசைக்குக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றார் மாமியார்.

"உங்க சாமி அமாவாசைக்குத்தான் பேசுமுங்களா?"

"எங்க சாமியக் கேலி பண்றீங்களா?"

"கேலி இல்லீங்க ஆத்தா, பயம். ராசிபுரத்துல எங்க ஊட்டுலயும் பூ கேக்கறதுதான். இன்னைக்கே போயிக் கேட்டுட்டு வாங்க."

மாமியார் அன்றே போனார். சிவப்பு வந்தது. சாமி சொன்னதை மீற எனக்குத் துணிவில்லை. கண்ணெதிரே என் வீட்டுக்காரர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னன்னு கேட்டீங்க?"

"நெஞ்சுக்குள்ள கொழா உடலாமான்னு."

"பெத்தவ பதறிப்போய் அப்படிக் கேட்டா எந்தச் சாமிங்க சரின்னு சொல்லும்? எம் பையனுக்கு என்ன நோவுன்னு பாக்கலாமான்னு கேளுங்க."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டாக்டருக்குப் படிச்சீங்களா, பூசாரிக்குப் படிச்சீங்களா?"

"ரெண்டுலயும் கேள்வி கேக்கறதுதானுங்க செரமம்."

மறுநாள் விடியலில் வெள்ளைப் பூ வந்தது. அன்றே குழாய் விட்டார்கள். அதற்கடுத்த நாள் முடிவு வந்தது: பூஞ்சைதான். அப்போதும் டாக்டர் துள்ளவில்லை. "சோதனை மட்டும் சொன்னாப் பத்தாது. ஸ்கேனும் அதையே சொல்லணும், ஆளோட நெலமையும் அதையே சொல்லணும்" என்று வார்டு டாக்டரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார். பிறகுதான் பூஞ்சைக்கான மருந்து ஏறியது. தட்டில் பூஞ்சை வளர்ந்து கண்ணுக்குத் தெரிந்தபோது, என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய பிறகு டாக்டர் பெயருக்கு அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுபோனேன். "எம் பேருக்கு எதுக்குங்க? அந்தக் கருவி பேருக்குப் பண்ணுங்க. அதுதான் மாசத்துல பாதி நாள் படுத்துக்குது" என்று சிரித்தார். திருநீற்றை மட்டும் மறக்காமல் எடுத்துப் பூசிக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று. உயிர் போகிற அவசரத்திலும் எதிரில் இருப்பவரின் நம்பிக்கையை மிதிக்காமல் பேசலாம். அதை இன்றும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அவரை அடக்கம் செய்த பத்தாம் நாள் ஜோதி சொன்னார்: அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை, சோதனை நின்றுவிட்டது, மாதிரிகள் வெளியூருக்குப் போகின்றன. இளம்பிள்ளையிலிருந்து வந்த பெண் ஒருவர் தன் கணவருக்கு முடிவு வருமென்று வார்டு வாசலில் காத்திருக்கிறார். அந்தக் கணவருக்குக் காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்தாரையும் டாக்டர் வளர்மதியிடம் வேலை கற்றவர்களையும் கேட்கிறேன்: இந்தச் சோதனையை இங்கே மறுபடி யார் செய்வீர்கள், எப்போது தொடங்குவீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.